ழகரமும் நம் வீட்டுக் குழந்தைகளும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எனக்கு முன் பேசிய பெருமக்கள் உயர்கல்வி, போட்டித் தேர்வு, வேலைவாய்ப்பு என்று பெரும்பொருள்களை எடுத்துப் பேசி அமர்ந்துள்ளார்கள். எனக்கு விழாக் குழுவினர் அளித்த பொருளோ மிகச் சிறியது. "ஐயா, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ழகரம் வரவே மாட்டேன் என்கிறது, லகர ளகரமும் குழம்புகிறது, எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று மாலை வகுப்பு இளைஞர்கள் என்னைக் கேட்டார்கள். அதற்கு விடையாக ஒரு மணி நேரம் பேசும்படி பணித்திருக்கிறார்கள். பட்டம் பெறுவதைப் பற்றிப் பேசும் மேடையில் ஓர் எழுத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். 28 ஆண்டுகளாக அரசுப் பள்ளிகளில் பணியாற்றுபவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஐந்து வயதில் வாய் மூடிக்கொண்ட குழந்தை பட்டத்திற்கு வந்து சேர்வது அரிது. அந்த வாயை மூட வைப்பது பல நேரங்களில் இந்த ஓர் எழுத்துதான்.

முதலில் ஒரு பழியைத் துடைத்துவிட்டு மேலே செல்கிறேன். "சேரிப் பிள்ளைகளுக்கு நாக்கு தடித்துவிட்டது, ழ வராது" என்று சொல்வோர் நம் நகரில் இன்றும் இருக்கிறார்கள். திரைப்படங்களில் சிரிப்புக்காக ஒரு பாத்திரம் வேண்டுமென்றால் "வாயப்பயம்" என்று சொல்ல வைத்து, லுங்கியும் கட்டிவிட்டால் போதும் என்றிருந்த காலத்தை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அந்தச் சிரிப்பைக் கேட்டு நம் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். தம் பாட்டியைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

உண்மை என்ன? ழகரம் யகரமாவது சென்னை, செங்கற்பட்டு, வட ஆர்க்காடு எனத் தமிழகத்தின் வடபகுதி முழுவதிலும் வழங்கும் பேச்சு வழக்கு. அது ஒரு சாதியின் வழக்கன்று. "மழை" என்பது "மய" ஆகிறது. "கோழி" "கோயி" ஆகிறது. "குழாய்" "கொயா" ஆகிறது. சில சொற்களில் இன்னும் ஒரு படி சென்று, "இழுத்துக்கொண்டு" என்பது "இஸ்துகினு" ஆகிறது. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் செல்லுங்கள். அங்கே மாடி வீட்டுச் செல்வரும் "வாளப்பளம்" என்கிறார். பெயரிலேயே ழகரம் தாங்கி நிற்கும் யாழ்ப்பாணத்திலும் பேச்சில் ளகரமே ஒலிக்கிறது. அங்கெல்லாம் யாரும் அதைத் தடித்த நாக்கு என்று சொல்வதில்லை. "அந்த ஊர்ப் பேச்சு" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒரே மாற்றம் ஓரிடத்தில் ஊர்ப் பேச்சு, நம்மிடத்தில் மட்டும் குறைபாடு என்றால், அந்தத் தராசு நாக்கை நிறுப்பதில்லை, ஆளை நிறுக்கிறது.

இன்னும் சற்று விரித்துப் பாருங்கள். பழங்கன்னடக் கல்வெட்டுகளில் ழகரத்திற்கு எழுத்து இருந்தது. இன்றைய கன்னடத்தில் அந்த எழுத்து இல்லை. "ஏழு" அங்கே "ஏளு", "கோழி" அங்கே "கோளி". தெலுங்கில் அவையே "ஏடு", "கோடி" என்றாகிவிட்டன. ஒரு முழு மொழியே ழகரத்தை விட்டுவிட்டு நன்றாகத்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறது. மலையாளத்தார் மட்டும் நம்மைப் போல அதனைக் காத்து வைத்திருக்கிறார்கள். ழகரம் உலகில் தமிழுக்கு மட்டுமே உரியது என்று மேடைகளில் முழங்குவார்கள். கைதட்டலுக்கு உதவும், ஆனால் மெய்யன்று. அமெரிக்கர்கள் ஆங்கிலத்தில் ரகரத்தை ஒலிக்கும்போது காது கொடுத்துக் கேளுங்கள். நம் ழகரத்தின் சாயல் அதில் தெரியும்.

நம் ஊரை ஆண்ட வெள்ளையரின் கதையைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எழும்பூர் அவர்கள் வாயில் "எக்மோர்" ஆயிற்று. மயிலைக்கு அடுத்த ஆழ்வார்பேட்டை "ஆல்வார்பேட்" ஆயிற்று. பழவேற்காடு "புலிகாட்" ஆயிற்று. சோழமண்டலக் கரை அவர்களுக்கும் முன் வந்த ஐரோப்பியர் வாயில் "கோரமண்டல்" ஆயிற்று. தமிழ் என்ற பெயரையே "டமில்" என்றுதான் எழுதினார்கள். அவர்களை எவரும் நாக்கு தடித்தவர்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் சொன்னதை ரயில் நிலையப் பலகையிலேயே எழுதி வைத்துக்கொண்டோம்.

அப்படியானால் அப்படியே விட்டுவிடலாமே, எதற்கு இந்தப் பாடுபட வேண்டும் என்று ஓர் இளைஞர் கேட்கலாம். போன மாதம் மாலை வகுப்பில் ஒருவர் கேட்கவும் செய்தார். நியாயமான கேள்வி. என் விடை இதுதான். எழுத்துத் தமிழில் இந்த ஒலிகள் பொருளைச் சுமக்கின்றன. வால், வாள், வாழ், ஒலி, ஒளி, ஒழி, தலை, தளை, தழை, மனம், மணம், கரி, கறி. காதில் வேறுபாடு கேட்காத குழந்தைக்குச் சொல்வதெழுதுதல் என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போன்றது. "பழம்" என்பதைப் "பயம்" என்று எழுதும் குழந்தை எழுத்தில் தவறவில்லை; தன் காது கேட்டதை நேர்மையாக எழுதுகிறது. அதற்குச் சிவப்பு மையில் சுழித்து வைக்கிறோம். நாலாம் வகுப்புக்கு வரும்போது, "எனக்குத் தமிழ் வராது" என்று தமிழ்க் குழந்தையே சொல்லும் நிலை வருகிறது. மொழிப்பாடம் வராதவனுக்கு வரலாறும் வராது, கணக்கில் வரும் கதைக் கணக்கும் வராது.

இரண்டாவது காரணம் வெளியுலகம். நம் பகுதி இளைஞர் ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவர், ஓர் அலுவலகத்திற்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். அலுவலகத்தின் பெயர் நமக்கு வேண்டாம். வழி கேட்டு வந்தீர்களா என்று பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார்கள். இவர் "கெயக்கால வந்தேன்" என்று சொல்லியிருக்கிறார். உடனே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "எந்த ஏரியா தம்பி?" என்று கேட்டார்களாம். எந்த ஏரியா என்ற அந்தக் கேள்விக்கு உள்ளே வேறொரு கேள்வி இருக்கிறது என்பதை இந்த அவையில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அப்படிக் கேட்பவர்களைத் திருத்தும் வேலை பெரியது, நெடியது. அதைச் சங்கங்களும் சட்டங்களும் செய்யட்டும். அதுவரை நம் பிள்ளையின் கையில் இரண்டு சாவிகளும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வீட்டுப் பேச்சும் வேண்டும். ஏட்டுத் தமிழின் ஒலியும் வேண்டும். வேண்டிய இடத்தில் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறிக்கக் கூடாது. இதில் நான் மிகவும் கண்டிப்பானவன். மாலை வகுப்பில் ழகரம் கற்ற சிறுவன் வீட்டுக்குப் போய்ப் பாட்டியைத் திருத்தினான் என்றால் நம் வகுப்பு தோற்றது என்று பொருள். பாட்டி "வாயப்பயம்" என்று சொல்லிக் கொடுத்த பழம் இனிக்காமலா போய்விடும்? வகுப்பில் நான் சொல்லும் சொற்கள் இவை: "வீட்டில் பேசுவது வீட்டுத் தமிழ். புத்தகத்தில் இருப்பது புத்தகத் தமிழ். இரண்டும் நம்முடையது." குழந்தைகள் இதனை எளிதில் ஏற்றுக்கொள்கிறார்கள். வீட்டுச் செருப்பும் பள்ளிக்கூட ஷூவும் வேறு வேறு என்பது அவர்களுக்குத் தெரியாதா?

இனி, குழந்தையின் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே வைத்திருக்கிறார். எந்த எழுத்துக்கு நா எங்கே செல்கிறது என்பதை இவ்வளவு நுட்பமாக அத்தனை காலத்திற்கு முன்பே ஒருவர் எழுதியிருக்கிறார் என்பது வியப்பே. பகர மகரம் இரு இதழும் பொருந்தப் பிறக்கின்றன. தகர நகரம் நுனிநா பல்லின் அடியில் பரந்து ஒற்றப் பிறக்கின்றன. றகர னகரத்திற்கு நுனிநா மேலே உயர்ந்து அண்ணத்தை ஒற்றுகிறது. ரகர ழகரத்திற்கு நுனிநா அவ்வாறே உயர்ந்து அண்ணத்தை வருடுகிறது. ஒற்றுதல் என்றும் வருடுதல் என்றும் அவர் பிரித்த அந்த இரண்டு சொற்களில் நம் பாடம் முழுவதும் அடங்கிவிடுகிறது. ஆசிரியப் பயிற்சியில் இதனைத் தேர்வுக்காக உருப்போட்டோமே தவிர, வகுப்பறையில் ஒரு குழந்தையின் வாய்க்கு முன்னால் வைத்துப் பார்த்தவர்கள் நம்மில் சிலரே.

குழந்தைகள் எல்லா ஒலிகளையும் ஒரே நாளில் பெறுவதில்லை. இதழால் பிறக்கும் ஒலிகள் முதலில் வரும்; அதனால்தான் அம்மாவும் அப்பாவும் முந்திக்கொள்கிறார்கள். நாக்கை மடக்கவும் அதிரச் செய்யவும் வேண்டிய ஒலிகள் கடைசியில் வரும். மூன்று வயதுக் குழந்தை "ராஜா"வை "லாஜா" என்றால் அது வளர்ச்சியின் படி, கவலை வேண்டாம். ரகரமும் ழகரமும் ஆறு, ஏழு வயது வரையும் சில குழந்தைகளுக்குத் திருந்துவதில்லை. முன்பல் விழுந்த குழந்தை "ஸ" என்பதைக் காற்றாக விட்டால், பல் முளைக்கும் வரை பொறுத்திருங்கள். அங்கன்வாடியிலேயே ழகரத்தைத் திணிக்க முயலும் ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு இதனைச் சொல்கிறேன்.

சொல்லிக் கொடுக்கும் முறைக்கு வருகிறேன். இங்கேதான் சற்று நின்று பேச வேண்டும்.

வாயைப் பழக்குவதற்கு முன் காதைப் பழக்குங்கள். இரண்டு படங்களை வையுங்கள்: ஒன்றில் புலி, மற்றொன்றில் புளி. நீங்கள் சொல்லுங்கள், குழந்தை தொட்டுக் காட்டட்டும். அது வாய் திறக்க வேண்டியதில்லை. அடுத்து வால், வாள். அடுத்து பழமும், பயந்து நிற்கும் ஒரு சிறுவனும். ஒரு வாரம் இந்த விளையாட்டு நடக்கட்டும். வேறுபாட்டைக் கேட்கத் தெரியாத குழந்தையிடம் "சரியாகச் சொல்" என்று நூறு முறை சொன்னாலும், அது தான் சரியாகச் சொல்வதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

பிறகு கண்ணாடி. ஒரு கைக்கண்ணாடியைக் குழந்தையிடம் கொடுத்து, உங்கள் வாயையும் அதன் வாயையும் மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் லகரம். நுனிநா மேற்பல்லின் பின்புறம் ஒட்டிக்கொள்கிறது. "லா லா லா" என்றால் கண்ணாடியில் நாக்கின் அடிப்புறம் தெரியும். இது எளிது. ளகரத்திற்கு நாக்கை உள்ளே மடக்க வேண்டும். இங்கே ஒரு வெல்லத் துணுக்கு நமக்கு ஆசிரியராக வரும். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, குழைத்த வெல்லத்தை ஒரு கடுகளவு எடுத்து, குழந்தையின் மேலண்ணத்தில், பல்லிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே தடவிவிடுங்கள். "நாக்கு நுனியால் நக்கிப் பார்" என்றால் நாக்கு தானாகவே மடங்கி மேலே செல்லும். அதுதான் டகரமும் ணகரமும் ளகரமும் பிறக்கும் இடம். "அட, அட" என்று சொல்ல வையுங்கள். அதே இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு "அள, அள" என்று சொல்ல வையுங்கள். நம் பிள்ளைகளுக்கு டகரம் மணியாக வரும். ஆகவே டகரத்திலிருந்து ளகரத்திற்குப் படி கட்டுவது எளிது.

ளகரம் நிலைத்தபின் ழகரம். நாக்கு அதே போல மடங்கட்டும். ஆனால் அண்ணத்தைத் தொடக் கூடாது. வெல்லம் இருந்த இடத்திற்கு அருகே போய் நின்றுவிட வேண்டும். "தொட்டால் ள, தொடாவிட்டால் ழ" என்று சொல்லிக் கொடுங்கள். குழந்தைகளுக்கு இது ஒரு விளையாட்டு விதியாகிவிடும். தொடக்கத்தில் "ஆ..." என்று நீட்டச் சொல்லி, நீட்டிக்கொண்டிருக்கும்போதே நாக்கை மெல்ல மடக்கச் சொல்லுங்கள். ஒலி தானாகவே "ஆழ்..." என்று மாறும். அந்த ஒலி முதன்முதலாக வரும்போது குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! அதற்கே தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று தெரியாமல் கண்ணாடியைப் பார்க்கும். அந்த ஒலியைக் கைப்பேசியில் பதிவு செய்து திருப்பிப் போட்டுக் காட்டுங்கள். எங்கள் காலத்தில் இந்த வசதி இல்லை.

தனி ஒலி வந்தவுடன் சொல்லுக்குத் தாவ வேண்டாம். சொல்லின் இறுதியில் வரும் ழகரமே முதலில் எளிது: வாழ், தாழ், யாழ், தமிழ். அதன்பின் நடுவில் வருவன: ஏழு, மழை, கோழி, வழி. ழகரம் தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை என்பது நமக்கு ஓர் உதவி. பின்னர் குழந்தையின் உலகிலிருந்தே தொடர்கள் கட்டுங்கள். நாநெகிழ் பயிற்சி என்றாலே கிழ நரியையும் வியாழக்கிழமையையும் பிடித்துக்கொள்கிறோம். நம் பிள்ளைகள் நாள்தோறும் காண்பது குழாயடி அல்லவா? "கீழ்த் தெருக் குழாயில் ஏழு குடம் வழியுது" என்று நான் கட்டிக்கொண்ட தொடர் ஒன்று என் பள்ளியில் பல ஆண்டுகளாக ஓடுகிறது. இதைப் பெஞ்சில் தாளம் தட்டிச் சொல்ல விடுங்கள். கானாப் பாட்டின் தாளம் பட்டினப்பாக்கத்துக் குழந்தைக்கும் கண்ணம்மாபேட்டைக் குழந்தைக்கும் பிறவியிலேயே கையில் இருக்கிறது. தாளத்தில் ஏறிவிட்ட ஒலி இறங்குவதில்லை.

நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். நாக்கும் ஒரு தசைதான்; களைத்துவிடும். குழந்தை முயன்று தவறினால், "தப்பு" என்று சொல்லாதீர்கள். அது சொல்ல வந்த கருத்துக்கு முதலில் விடை சொல்லுங்கள். "சார், மய வருது" என்றால், "ஆமாம், மழை வருகிறது, ஜன்னலைச் சாத்து" என்று நீங்கள் சரியான ஒலியோடு திருப்பிச் சொல்லிவிட்டால் போதும். அதன் காதில் அது விழும். நான்கு பேர் முன் எழுப்பி நிறுத்தித் திருத்துவதும், நூறு முறை எழுதி வா என்று இம்போசிஷன் கொடுப்பதும் கூடவே கூடாது. நூறு முறை எழுதினால் கைவலிக்கும்; நாக்கு மடங்காது.

ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஜூன் மாதம் சேர்ந்தவள், அரையாண்டு நெருங்கும் வரை வகுப்பில் வாயே திறக்கவில்லை. பேச்சு வராத குழந்தையோ என்று ஐயுற்றோம். தாயாரை அழைத்துக் கேட்டால், "வீட்டுல வாய மூடமாட்டா சார்" என்கிறார். பிறகு தெரிந்தது. முதல் வாரத்தில் படம் காட்டி என்ன என்று கேட்டபோது அவள் தன் வீட்டு வழக்கில் சொல்லியிருக்கிறாள், வகுப்பே சிரித்திருக்கிறது. சிரித்த பிள்ளைகளும் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்! அவ்வளவுதான், கதவு சாத்திக்கொண்டது. அவள் வகுப்பாசிரியை கெட்டிக்காரர். குழந்தையை நேராக ஒன்றும் கேட்கவில்லை. படத்தைத் தொட்டுக் காட்டும் விளையாட்டில் அவளை நடுவராக வைத்தார். மற்றவர்கள் சொல்வது சரியா இல்லையா என்று கைதட்டிச் சொல்லும் வேலை. மூன்று வாரத்தில் நடுவர் அம்மையாருக்குக் கோபம் வந்து, தவறாகச் சொன்ன பையனைப் பார்த்து, "அப்படி இல்லடா, பழம்!" என்று உரக்கக் கத்திவிட்டாள். ழகரம் அப்பழுக்கில்லாமல் வந்தது. இன்று அந்தப் பெண் செவிலியர் படிப்பில் இருக்கிறாள்.

மற்ற மயங்கொலிகளைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். ரகர றகர வேறுபாடு இன்று தனி ஒலியில் பெரும்பாலோர் வாயில் இல்லை. ஆசிரியர்கள் வாயிலும் இல்லை. இரட்டித்து வரும்போதுதான் தெரியும். "காற்று", "நேற்று" என்பன நம் பேச்சில் "காத்து", "நேத்து" ஆகிவிட்டன. ஈழத்தமிழர் பேச்சில் அந்த இரட்டை றகரம் தனி ஒலியாக இன்றும் நிற்கிறது. ஆகவே இதனைப் படித்துக் காட்டும்போது மட்டும் அழுத்தினால் போதும். எழுத்தைச் சொல்லோடு சேர்த்தே மனத்தில் பதிய வையுங்கள். தந்நகரமும் றன்னகரமும் அவ்வாறே. காதால் பிரிப்பதைவிட விதியால் பிரிப்பது எளிது: சொல்லின் முதலிலும் தகரத்திற்கு முன்னும் வருவது தந்நகரம், மற்ற இடங்களில் பெரும்பாலும் றன்னகரம். டண்ணகரத்திற்கு மட்டும் வெல்லப் பாடம் உண்டு.

ஆங்கிலச் சொற்களைப் பற்றியும் தாய்மார்கள் கேட்கிறார்கள். "ஸ்கூல்" என்பதை "இஸ்கூல்" என்று சொல்லும் குழந்தை, மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்ற தமிழ் இலக்கணத்தைத் தானறியாமல் காப்பாற்றுகிறது. கேலி வேண்டாம். "ஃபேன்" என்பதைப் "பேன்" என்று சொல்வதற்கு, மேற்பல்லைக் கீழுதட்டில் மெல்ல வைத்து ஊதச் சொல்லிக் கண்ணாடியைக் காட்டுங்கள். ஒரு நாளில் வந்துவிடும். வகரம் வாயில் இருக்கிறவனுக்கு ஃபகரம் பக்கத்து வீடுதான்.

இனி மிக முக்கியமான எச்சரிக்கை. எல்லாக் குழந்தைக்கும் பயிற்சியே மருந்தாகாது. நான்கு வயதாகியும் வீட்டார் தவிர வேறு எவருக்கும் குழந்தையின் பேச்சு விளங்கவில்லை என்றால், முதலில் காதைச் சோதிக்க வேண்டும். பின்னால் நின்று மெல்லப் பெயரைச் சொல்லி அழையுங்கள், திரும்புகிறதா பாருங்கள். காதில் அடிக்கடி சீழ் வடியும் குழந்தைகள் நம் தெருக்களில் உண்டு. கேட்காத ஒலியை அந்தக் குழந்தை எப்படிச் சொல்லும்? நாக்கை வெளியே நீட்ட முடியாமல் அடியில் இழுத்துப் பிடித்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தால் பேச்சு வரும் என்ற நம்பிக்கையால் மாதங்களை வீணாக்க வேண்டாம். நாக்கின் அடித்தசையை வீட்டிலேயே கிள்ளிவிடும் கொடுமையும் வேண்டாம். இராயப்பேட்டை அரசு மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, பெரிய ஆஸ்பத்திரி என்று நாம் அழைக்கும் அரசு பொது மருத்துவமனை ஆகியவை பேருந்துத் தொலைவில்தான் இருக்கின்றன. காது, மூக்கு, தொண்டைப் பிரிவைக் கேட்டுச் செல்லுங்கள்.

செவித்திறன் குறைந்த குழந்தை பேசவே பேசாது என்ற எண்ணத்தை நம் பகுதியே பொய்யாக்கியிருக்கிறது. அடையாற்றில் 1969-இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்குப் பேச்சைக் கற்பித்து, மற்றப் பிள்ளைகளோடு சாதாரணப் பள்ளிக்கு அனுப்பும் பணியைச் செய்துவருகிறது. மயிலையில் 1970-இல் தோன்றிய கிளார்க் பள்ளியும் இத்துறையில் பெயர் பெற்றது. தொடங்கும் வயது எவ்வளவு குறைவோ அவ்வளவு பயன் என்பதே இவர்கள் பணியிலிருந்து நாம் கற்பது. எனவே ஐயம் தோன்றிய மாதமே செல்லுங்கள்.

குழந்தைக் கல்வி நம் சமுதாயத்திற்குப் புதிதாக எவரோ கொண்டுவந்த பொருளன்று என்பதையும் இளைஞர்கள் அறிய வேண்டும். 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றுக்கு அருகே ஊரூரில் நம் பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று அவை பெருகின. முதற்பள்ளி பெசன்ட் நகரில் இன்றும் அவர் பெயரால் நடைபெறுகிறது. அதற்கடுத்த தலைமுறையில், பரங்கிமலையில் 1883-இல் பிறந்து, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிச் சட்டமன்றம் வரை சென்ற பெருந்தலைவர் எம்.சி. ராஜா அவர்களை அரசியல் தலைவராக மட்டுமே நாம் நினைக்கிறோம். அவர் ரங்கநாயகி அம்மாளுடன் சேர்ந்து 1930-இல் "கிண்டர் கார்டன் ரூம்" என்ற பெயரில் குழந்தைப் பாட்டும் கதையும் கொண்ட நூலை வெளியிட்டார் என்பதை எத்தனை பேர் அறிவோம்? பெரும்பொறுப்புகளைச் சுமந்த ஒருவர் மூன்று வயதுக் குழந்தையின் வாய்க்கு ஏற்ற சொற்களைத் தேடியிருக்கிறார். அந்தப் பாட்டுகளைக் கைவீசி, ஆடி, தாளமிட்டுத்தான் சொல்ல வேண்டும்; ஒலிப்பயிற்சி அதற்குள்ளேயே இருக்கிறது.

எனவே நிர்வாகக் குழுவிற்கு என் வேண்டுகோள். நம் மாலை வகுப்பு ஒவ்வொன்றுக்கும் ஆறு கைக்கண்ணாடிகள் வாங்கித் தாருங்கள். தியாகராயநகர் நடைபாதைக் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். இணைச்சொற்களின் படங்களை நம் ஓவியக்கலை இளைஞர்களே வரைந்து தரட்டும். வாலும் வாளும் வரைய அவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ராஜா அவர்களின் நூலின் படி ஒன்று நம் வாசகசாலையில் இடம்பெற ஏற்பாடு செய்யுங்கள். ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளை அடுத்த மாத முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு அழைத்து வாருங்கள். பாட்டிமார்களும் உடன் வரட்டும். வெல்லம் நான் கொண்டுவருகிறேன்.